பில் கம்பியில் மாட்டிய காலண்டர்

எங்கள் நூல் கடையின் பில் கம்பியில் என் பிளாப்பி தொங்கிக்கொண்டிருந்தது.

பழைய கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லாப்பெட்டிக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அதில் நுனி கூரான நீளக் கம்பி ஒன்று, கொக்கி போல வளைந்து தொங்கும். அன்றைக்கு வந்த சீட்டு, லாரி ரசீது, லோடு விவரம் எல்லாவற்றையும் அதில் குத்தி இறக்கிவிடுவார்கள். கம்பி நிறைந்தால் கழற்றிப் பரணில் போட்டுவிட்டுப் புதுக் கம்பி மாட்டுவார்கள். அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் இதைவிட நம்பிக்கையான ஏற்பாடு கிடையாது. கம்பியில் ஏறிய காகிதம் தொலைந்ததாகச் சரித்திரமே இல்லை.

அந்தக் காகிதங்களுக்கு நடுவேதான் கறுப்பாக, சதுரமாக, என் பிளாப்பி. இன்றைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் அடித்ததைச் சேமித்து வைக்கும் மெல்லிய வட்டத் தகடு அது. நாலாக மடித்த கைக்குட்டை அளவுள்ள ஓர் உறைக்குள் இருக்கும். உறையின் நடுவில் ஒரு வட்ட ஓட்டை. விரல் பட்டாலே கெட்டுப்போகும் என்று கம்பெனிக்காரன் படம் போட்டு எழுதியிருப்பான்.

“அண்ணே, இது எப்படி இங்க வந்துச்சு?” என்று கணக்கப்பிள்ளை சங்கரலிங்கத்திடம் கேட்டேன்.

“நீங்கதான தாயி நேத்து சாயந்தரம் சீட்டோட குடுத்தீக, சிவகாசி பஸ்ஸுல குடுத்து விடச் சொல்லி. பஸ்ஸு ஒம்பதரைக்குத்தான். அதுவரைக்கும் பத்திரமா இருக்கட்டும்னு மாட்டி வச்சேன்.”

“கம்பியிலயா?”

“நடுவுல ஓட்டை போட்டே குடுத்திருக்கானே! கம்பியில மாட்டத்தான போட்டிருக்கான்? ஆனா ஓட்டை ரொம்பப் பெருசு தாயி. காத்துக்கு ஆடிக்கிட்டே கெடந்துச்சு. அதான் ஓரத்துல இன்னொரு குத்து குத்தி இறுக்கிட்டேன்.”

சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பொறுப்பாக ஒரு வேலையைச் செய்து முடித்தவரின் முகம் அது. நான் மாடிக்கு ஓடினேன். டிரைவில் போட்டேன். அது கர்ர் கர்ர் என்று உறுமியது. திரையில் பச்சை எழுத்தில் படிக்க முடியவில்லை என்று வந்தது. எடுத்து ஊதிவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதே.

அந்தப் பிளாப்பிக்குள் அடுத்த வருஷம் முழுவதும் இருந்தது. ஜனவரி முதல் டிசம்பர் வரை, முந்நூற்று அறுபத்தைந்து நாட்களும்.

மாடியில் ஒரு கம்ப்யூட்டர்

முன்கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் மதுரையில் கணிதம் படித்துவிட்டு, ஆறு மாதம் கம்ப்யூட்டரும் படித்துவிட்டு, அருப்புக்கோட்டை நூல் வியாபாரக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். வந்த புதிதில் வீட்டில் எல்லோரையும் படுத்தி எடுத்து, கடை மாடியில் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஹார்டு டிஸ்க் கிடையாது. எல்லாமே பிளாப்பிதான்.

என் மாமனார் மாடிக்கு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். சந்தனம் குங்குமம் வைத்தார். “இதுல எத்தனை கட்டு நூல் ஏத்தலாம்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். கேலிக்காரர். ஆனால் அந்த மாடி அவருக்கு நூல் ஸ்டாக் வைக்க வேண்டியிருந்த இடம். எனக்காக விட்டுக்கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும்.

முதல் பேட்ச்சில் கடைத்தெருப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். மூன்றாவது வாரம் நாலு பேர் வந்தார்கள். ஐந்தாவது வாரம் மின்விசிறியும் நானும்தான் இருந்தோம். பக்கத்து ஷெட்டில் விசைத்தறி ஓடத் தொடங்கினால் எங்கள் வோல்டேஜ் படுத்துவிடும், கம்ப்யூட்டரும் கூடவே படுத்துவிடும். கம்ப்யூட்டரும் நானும் சேர்ந்து படுத்துக்கிடந்த காலம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு மதியத்தில் யோகேஸ்வரி அக்கா படியேறி வந்தார்.

செருப்பை எங்கே விடுவது என்று கேட்டவர்

திருச்சுழி ரோட்டில், கருவேலங்காட்டை ஒட்டி, இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான முகாம் ஒன்று இருந்தது. ஓலையும் தகரமும் போட்ட வீடுகள். அங்கிருந்த ஆண்களும் பெண்களும் எங்கள் பக்கத்தில் வெள்ளையடிக்க, பெயிண்ட் அடிக்க, ரோட்டு வேலைக்கு என்று போவார்கள். கடைத்தெருவில் அவர்களுக்கு ஒரே பெயர்தான், “கேம்ப்புக்காரங்க”. அதற்கு மேல் யாரும் விசாரித்ததில்லை. நானும் விசாரித்ததில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

யோகேஸ்வரி அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். எனக்கு இருபத்தேழு. வாசலில் நின்றுகொண்டு, “செருப்பை எங்க விடுறது டீச்சர்?” என்று கேட்டார். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு வரக்கூடாது என்று நான் எழுதி ஒட்டியிருந்த தாளை அதுவரை மதித்துப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பதினாலு வருஷம் தமிழ் டைப்பிஸ்ட்டாக இருந்தவர். படகில் வந்து இறங்கியபோது கையில் இருந்தது இரண்டு பிள்ளைகளும் ஒரு துணிப்பையும். இங்கே வந்து மூன்று வருஷமாகச் சுண்ணாம்பு அடிக்கிறார். விரல் நுனிகள் வெந்து தோல் உரிந்திருந்தன.

“டீச்சர், நான் சும்மா சொல்லேல்லை. மேசைக்கு முன்னால இருந்து செய்யிற வேலை எனக்குத் தெரியும். இந்த மெஷினை மட்டும் காட்டித் தாங்கோ. சுண்ணாம்பு வாளியைக் கீழ வைக்க வேணும் எனக்கு. அவ்வளவுதான்.”

நான் உடனே, “ஆறு மாசத்துல உங்களை ஆபரேட்டர் ஆக்கிடறேன்க்கா” என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் எப்போதும் ஒரு எட்டு முன்னால் போகும். அன்றைக்கும் போனது.

மறுநாள் அவரோடு இன்னும் ஐந்து பெண்கள் வந்தார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு ஆறு பேர். ஆளுக்கு ஒரு அட்டையில் கீபோர்டை அப்படியே வரைந்து கொடுத்தேன். முகாமில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அட்டையில் அடித்துப் பழகுவார்கள். மறுநாள் வந்து நிஜக் கீபோர்டில் அடிப்பார்கள். அட்டையில் ஆறு தடவை, மெஷினில் ஒரு தடவை என்பது எங்கள் பாடத்திட்டம். ஓர் அட்டையில் ரசம் கொட்டி நாலு எழுத்து அழிந்துவிட்டது. அந்தப் பெண் அந்த நாலு எழுத்தையும் பார்க்காமலேயே அடிக்கப் பழகிக்கொண்டாள்.

கடைத்தெருவில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. “மருமக கேம்ப்புக்காரங்களைக் கூட்டி வச்சிருக்காகளாமே, நமக்கெதுக்கு வம்பு?” என்று மாமனாரிடமே கேட்டிருக்கிறார்கள். அந்த வருஷங்களில் கெடுபிடி கூடியிருந்தது. சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் இரண்டு முறை வந்து மாடியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மாமனார் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, “டைப்படிக்கிறாக சார். சத்தம்கூட வராது” என்று அனுப்பி வைத்தார்.

சிவகாசி முதலாளியின் நிபந்தனை

ஆறு மாதம் முடிந்தது. வேலை வாங்கித் தர வேண்டுமே! சிவகாசிக்குப் போனேன். தினசரி காலண்டர் அச்சடிக்கிற ஓர் அச்சகத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் போட்டிருந்தார்கள். அச்சுக் கோப்பதை விட்டுவிட்டு எல்லோரும் கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கிய நேரம். வேகமாகத் தமிழ் அடிக்கத் தெரிந்த ஆள் கிடைக்காமல் முதலாளி தலையில் கை வைத்திருந்தார். யோகேஸ்வரி அக்காவைப் பற்றிச் சொன்னேன். இருந்தும் முகாம் என்றதும் யோசித்தார்.

“தினம் இங்க வந்து போக அவுகளுக்குப் பெர்மிஷன் கெடைக்காதே தங்கச்சி?”

“அங்கயே அடிச்சுப் பிளாப்பியில அனுப்புறோம் அண்ணாச்சி.”

அவர் ஒரு கட்டு கையெழுத்துத் தாள்களை எடுத்து வைத்தார். அடுத்த வருஷத்துக் காலண்டர் மேட்டர். நாளுக்கு ஒரு தாள். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், பரிகாரம், விசேஷம், கீழே ஒரு வரி நல்ல வாக்கு.

“ஆடிப்பெருக்குக்குச் சாம்பிள் போடணும். இன்னையில இருந்து நாலாவது வெள்ளிக்கிழமை, சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள என் மேசைக்கு வரணும். தப்பில்லாம வந்தா வருஷம் பூரா உங்களுக்கு வேலை. அந்த யோகேஸ்வரி அம்மாவை என் ஆபரேட்டர்னு எழுதிச் சம்பளம் போடுறேன். வரலைன்னா, இந்தப் பேச்சை இதோட விட்டுருங்க.”

பெண்கள் ஆறு பேரும் மூன்றரை வாரம் அடித்தார்கள். ஒருவர் வாசிக்க ஒருவர் அடிக்க, மற்றவர்கள் திருத்தம் பார்க்க. செவ்வாய்க்கிழமை மாலை முடிந்துவிட்டது. மூன்று நாள் முன்னதாகவே! என் தலைக்கனம் கூரையைத் தொட்டது. இன்னொரு பிளாப்பியில் பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்பது நான் நடத்தும் முதல் பாடம். அன்று நான் எடுக்கவில்லை. நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைக்கவில்லை. மறந்தே போனேன். கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன்.

சங்கரலிங்கம் அண்ணனைத் திட்டி அந்த மனிதரைக் கண்கலங்க வைத்தேன் அன்று. இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அவர் காகிதத்தைக் காப்பாற்றும் வழியில் காப்பாற்றப் பார்த்தார். தப்பு முழுக்க என்னுடையது.

ஏழு தாள்

புதன்கிழமை பத்து மணி பஸ்ஸில் ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். நான் பிளாப்பியைக் காட்டினேன். ஒருத்தி அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். எனக்கும் அழுகை வந்தது. டீச்சர் அழக்கூடாது என்பதால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

யோகேஸ்வரி அக்கா அழவில்லை. பிளாப்பியை வாங்கிக் குத்து விழுந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். “கையெழுத்துத் தாள் கிடக்குத்தானே?” என்றார்.

“தாள் இருக்குக்கா. மூணரை வாரம் அடிச்சதை ரெண்டரை நாள்ல எப்படி அடிப்பீங்க?”

“ரெண்டரை இல்லை டீச்சர். நாளைக்கு முகாமிலை ஆள் எண்ணுகினம். நாங்கள் ஒருத்தரும் வர ஏலாது.”

அது எனக்குத் தெரியாது. அதிகாரி வந்து பதிவேட்டை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஆட்களை எண்ணும் நாள் அது. அந்த நேரத்தில் இல்லாதவர் பெயரில் கோடு விழும். கோடு விழுந்தால் அரிசி போகும், உதவி போகும், அந்தத் தகர வீட்டில் இருக்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும். எண்ணி முடிய மாலையாகிவிடும் என்றார்கள். ஆக மிச்சம் இருந்தது புதன்கிழமைப் பகலும் வெள்ளிக்கிழமை காலையும். நான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா கையெழுத்துக் கட்டை எடுத்துத் தரையில் பரப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தாள், அதன் பக்கத்தில் அடுத்த ஞாயிறு, அதற்கும் அடுத்த ஞாயிறு. மூன்றிலும் வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்தார்.

“டீச்சர், இதைப் பாருங்கோ. ஞாயிற்றுக்கிழமை எண்டால் ராகு காலம் நாலரையிலயிருந்து ஆறு. வருஷம் முழுக்க அதுதான். எமகண்டம், குளிகை, எல்லாம் கிழமைக்குத்தான். சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம். மாறுறது தேதி, திதி, நட்சத்திரம், கீழ உள்ள வசனம். மற்றப் பாதித் தாள் ஒண்டுதான்.”

“ஆமா?”

“அப்ப ஏன் முந்நூற்றி அறுபத்தைஞ்சு தரம் அடிச்சனாங்கள்? ஏழு தாள் அடிப்பம், கிழமைக்கு ஒண்டு. பிறகு நீங்கள் அண்டைக்கு ஒரு கட்டளை காட்டினீங்களே, ஒரு துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒட்டுறது, அதை வைச்சு ஏழையும் வருஷம் முழுக்கப் போட்டுக்கொண்டு போகலாம். மாறுறதை மட்டும் நிரப்பினால் காணும்.”

எனக்குக் காது சுட்டது. கணிதத்தில் பட்டம் வாங்கியவள் நான். அந்தக் கட்டளையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு விளக்கியவள் நான். காலண்டர் தாளைப் பிறந்ததிலிருந்து கிழித்துக்கொண்டிருப்பவளும் நான்தான். இது எனக்குத் தோன்றவேயில்லை. டைப்பிஸ்ட்டாக வந்தவர் அன்று என் கண் முன்னாலேயே வேறு ஆளாகிவிட்டார்.

“உட்காருங்கக்கா” என்றேன். “மணி பன்னெண்டாச்சு. புதன்கிழமை ராகு காலம் வேற” என்றாள் அழுதுகொண்டிருந்தவள். “அதையும் அடிச்சுப் போடுவம்” என்று அக்கா உட்கார்ந்தார். அறையே சிரித்தது. மூன்று மணிக்கு ஏழு தாளும் தயார். ஷெட்டில் தறி ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் சேமித்துக்கொண்டோம். நாலரைக்கு அவர்கள் பஸ் ஏறும்போது வருஷம் முழுவதற்கும் பாதிப் பாதித் தாள் நின்றது. மீதிப் பாதி வெறுமையாக இருந்தது.

அதிகாரி கேட்ட முகூர்த்தம்

வியாழக்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. திருச்சுழி பஸ்ஸில் ஏறி, முகாமுக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்கினேன். அங்கே அதுவரை நான் போனதில்லை. ஆறு மாதம் பாடம் நடத்தியவள், மாணவிகளின் வீட்டைப் பார்க்க ஆபத்து வந்தபிறகுதான் போயிருக்கிறேன்.

எல்லோரும் அவரவர் வீட்டு வாசலில் நின்றார்கள். வருவாய்த் துறை அதிகாரி வேப்பமரத்தடியில் மேசை போட்டுப் பதிவேட்டை விரித்திருந்தார். எங்கள் ஆறு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து, கையெழுத்துத் தாளைப் பங்குபோட்டுக்கொண்டு, மாறுகிற விவரங்களை மட்டும் வரிசையாக நீளத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கண்ணைத் திருப்பாமல் அடிப்பதற்காக.

அதிகாரி எழுந்து வந்தார். “என்னம்மா, எல்லாரும் பரிட்சை எழுதுறீக?”

நான் முந்திக்கொண்டு விவரம் சொன்னேன். நாளை மாலை ஐந்து மணி, சிவகாசி, வேலை, எல்லாம். இவர்களை முதலில் எண்ணி அனுப்ப முடியுமா என்று கேட்டேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார்.

“வரிசையாத்தான் எண்ணணும்மா. ரூலு. இவுக வீடு கடைசி லைனு.”

எனக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவர் அக்கா கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். “இது அடுத்த வருஷத்துதா? இன்னும் காலண்டரே வரலையே?”

“ஓம் ஐயா. அச்சாகிறதுக்கு எங்களிட்டத்தான் முதல்ல வந்தது.”

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். “அப்ப தையில வளர்பிறை முகூர்த்தம் என்னைக்குன்னு பாத்துச் சொல்லுங்கம்மா. தங்கச்சி மகளுக்கு முடிவாகியிருக்கு. மண்டபக்காரன் தேதி கேட்டு உயிரை எடுக்கான்.”

அக்கா தாள்களைப் புரட்டி மூன்று தேதிகளைச் சொன்னார். கிழமை, நட்சத்திரம், நேரம் எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் அழகாக எழுதிக் கொடுத்தார். அதிகாரி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினார். பதிவேட்டைப் புரட்டினார். பிறகு உதவியாளரைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

“ஏலே, போன தடவை முதல் லைன்ல இருந்து ஆரம்பிச்சோம். இந்தத் தடவை கடைசி லைன்ல இருந்து வருவோம். வரிசைன்னா வரிசைதான, எங்கிருந்து ஆரம்பிச்சா என்ன?”

கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பதினொன்றரைக்கு எங்கள் ஆறு பேர் பெயருக்கும் நேராகச் சரி என்று குறி விழுந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தோம். அக்கா வெள்ளிக்கிழமை சிவகாசி போய்வர அனுமதிச் சீட்டும் அந்த அதிகாரியே எழுதிக் கொடுத்தார். அவருடைய தங்கச்சி மகள் கல்யாணம் அந்த மூன்றில் எந்தத் தேதியில் நடந்தது என்று எனக்குத் தெரியாது. நடந்து நன்றாக இருக்கட்டும்.

அஞ்சு மணிக்கு முன்னால்

வியாழன் மதியமும் வெள்ளி காலையும் அந்த மாடியில் நடந்ததை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவர் விரல் ஓய்ந்தால் அடுத்தவர் நாற்காலியில் இருப்பார். நாற்காலி சூடு ஆறவே இல்லை. மாமனார் படியேறி வந்து, எல்லோருக்கும் நன்னாரி சர்பத் வைத்துவிட்டுப் போனார். பக்கத்து ஷெட்காரரிடம் பேசி, வெள்ளிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் தறியை நிறுத்தி வைக்கச் சொன்னவரும் அவர்தான். வியாபாரிக்கு வியாபாரி அப்படிக் கேட்பது லேசான காரியம் இல்லை. அதை எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார்கள்.

டிசம்பர் முப்பத்தொன்று முடிந்தபோது மணி பதினொன்று ஐம்பது. இந்த முறை இரண்டு பிரதி. ஒன்று என் பையில், ஒன்று அக்கா பையில். சங்கரலிங்கம் அண்ணன் எங்கள் இருவர் கூடவே பஸ் ஸ்டாண்டுவரை வந்து, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். “தாயி, மடியிலயே வச்சுக்கோங்க” என்று மூன்று தடவை சொன்னார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்டதோ என்னவோ, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அச்சகத்தில் முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றுகூட ஆகவில்லை. அவருடைய ஆபரேட்டர் பிளாப்பியைப் போட்டுத் தாள்களை ஓடவிட்டார். முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கையெழுத்துத் தாளோடு ஒப்பிட்டார். முக்கால் மணி நேரம் பார்த்தார். எனக்கு ஏசி அறையில் வியர்த்தது. அக்கா கைகளைக் கோத்துக்கொண்டு நேராக நின்றார்.

“தப்பில்ல” என்றார் முதலாளி. “ஆனா தங்கச்சி, ஒரு காலண்டருக்கு மூணரை வாரம்னா கட்டுப்படியாகாதே. இன்னும் அஞ்சு காலண்டர் கெடக்கு.”

நான் என்னவோ சமாளிக்க வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

“மூண்டரைக் கிழமையிலை அடிச்சது பழுதாப் போச்சுது ஐயா. இது புதன்கிழமை மத்தியானம் துவங்கி இண்டைக்கு முடிச்சது.”

பழுதான கதையைச் சொல்லக்கூடாது என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன். நம்பிக்கை போய்விடுமே என்ற பயம். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

“மூணு நாள்லயா? வருஷம் பூராவுமா?”

“மூண்டு நாளும் முழுசா இல்லை ஐயா. நேற்று அரைநாள் எங்களை எண்ணினவை.”

அவருக்கு அது புரிந்திருக்காது. புரிந்தது மூன்று நாள் என்பது மட்டும்தான். அலமாரியைத் திறந்து ஐந்து கட்டுகளையும் எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பேரேட்டைப் புரட்டி, பணியாளர் பக்கத்தில் ஒரு வரி எழுதினார். எழுதிவிட்டு எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். யோகேஸ்வரி, ஆபரேட்டர். அக்கா அதைப் படித்தார். மறுபடியும் ஒரு தடவை படித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அச்சக ஆபரேட்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அக்கா, எப்படி இத்தனை வேகமா முடிச்சீக? கொஞ்சம் எனக்கும் காட்டுறீகளா?” தன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அக்கா உட்கார்ந்தார். ஏழு தாள் விஷயத்தைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். முதலாளி வந்து பின்னால் நின்றார். பைண்டிங்கிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உட்கார இடமில்லை. சுவரோரம் நின்றேன். அத்தனை சந்தோஷமாக நான் எங்கேயும் நின்றதில்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் அப்பா, பெரிய அண்ணாச்சி, கைத்தடியோடு உள்ளே வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். கடைசியில் சுவரோரம் நின்ற என்னிடம் மெல்லக் கேட்டார்.

“யாரும்மா இவுக? பயலுகளுக்குச் சொல்லிக் குடுக்க மெட்ராஸுல இருந்து வந்திருக்காகளா?”

“இல்ல அண்ணாச்சி. எங்க ஊருக்காரவுக” என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே உறைத்தது. அக்காவின் விரல்கள் கீபோர்டில் நின்றன. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பெரிய அண்ணாச்சியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஓம் ஐயா” என்றார். “அருப்புக்கோட்டை.”